பேய் இல்லை என்ற அருணாச்சலம்

புனே பக்கம் தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் பீரங்கிக் குண்டுகளைப் பெட்டியில் அடுக்குவது அருணாச்சலத்தின் வேலை. ஆயுத பூஜைக்கு எல்லோரும் பெட்டிகளுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கும்போது, அவர் மட்டும் ஓரமாக நின்று, "பொட்டு வைக்காட்டியும் வெடிக்கத்தான்யா செய்யும்" என்பார். குடியிருப்பில் யாருக்காவது பேய் பிடித்ததென்று கூச்சல் கேட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கூரையில் ஓடிய எலியைப் பிடித்துக் காட்டி, "இந்தாங்க உங்க முனி" என்று சிரித்துவிட்டு வருவார். வாய்க்கொழுப்பு என்று திட்டியவர்கள்கூட, பயந்தால் அவரைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

சண்டையே கூடாது என்று டீக்கடையில் வாதாடுவதும் அவர்தான். "எதிரின்னு யாரோ சொன்னாங்க, நம்பிட்டோம். இதுவும் ஒரு மூடநம்பிக்கைதான்." பேச்செல்லாம் சரி. தொண்ணூற்றொன்பதில் கார்கிலில் சண்டை மூண்டபோது, இரட்டை ஷிஃப்ட் பார்த்து வண்டி வண்டியாகக் குண்டு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அந்தச் சண்டையில் பக்கத்து வீட்டுப் பவுனம்மாவின் மகன் சூர்யா செத்துப்போனான். மழைக்காலம் முடிவதற்குள் பவுனம்மா, பிள்ளை தினமும் சாயங்காலம் வந்து கதவைத் தட்டுகிறான் என்று அவனுக்கும் டீ ஊற்றி வைக்க ஆரம்பித்தாள். அவளுடைய தம்பிகள் கிர்க்கியிலிருந்து கோடாங்கியை வரச் சொல்லிவிட்டார்கள். பேயோட்ட வருகிற கோடாங்கி உடுக்கை மட்டுமா கொண்டுவருவான்? சாட்டையும் கொண்டுவருவான்.

"அம்மா அடி தாங்காது மாமா," என்று பவுனம்மாவின் மகள் வனஜா அருணாச்சலத்திடம் வந்து அழுதாள். "அவன் வர்றதுக்குள்ள நீங்க பேசிருங்க. பேய் இல்லைன்னு நீங்க சொன்னா அம்மா கேக்கும்."

போனார். பவுனம்மா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"செத்தவங்க வரமாட்டாங்கக்கா. எல்லாம் மனசு பண்ற வேலை," என்றார். எத்தனையோ வீட்டில் சொன்ன பேச்சுதான்.

பவுனம்மா கோபப்படவில்லை. "சரி தம்பி, எம்புள்ள வரலைன்னே வச்சுக்குவோம். நீ அனுப்புன குண்டும் எங்கயோ விழுந்திருக்கும்ல? அங்கயும் இவன் வயசுப் பயலுக இருந்திருப்பானுக. அவனுக யாரும் உன்னத் தேடி வர்றதில்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தக் கோடையிலிருந்தே சோற்றில் கை வைத்தால் யாரோ வாசலில் நிற்பதுபோல் இருந்தது. முகம் தெரியாத பையன்கள். என்ன பாஷையில் பேசுவதென்றுகூடத் தெரியாமல் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். பேய் இல்லை என்பதில் அவருக்கு அப்போதும் சந்தேகமில்லை. பேய் என்றாலாவது பழி போடலாம். இவர்களை அனுப்பிவைத்தது அவருடைய கையல்லவா?

"வர்றாங்கக்கா," என்றார்.

வாசலில் உடுக்கை ஒலித்தது. பவுனம்மா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளய விரட்டிருவாங்களா தம்பி?"

அவர் எழுந்து போய் நிலைப்படியை மறித்து நின்றார். கோடாங்கிக்கு அவரை யாரென்று தெரியாது. சாட்டையை உதறிவிட்டு, "யாருக்குய்யா பிடிச்சிருக்கு?" என்று கேட்டான்.

"எனக்குத்தான்," என்று அருணாச்சலம் சட்டையைக் கழற்றினார்.