ஏழாம் நம்பர் மலையும் அட்டையில்லாத புத்தகமும்

மதினியின் உதடு வீங்கி நீலம் பாரிக்கத் தொடங்கியபோது எனக்கு ஜெபமே வரவில்லை. ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் பலரும் ஆபத்து வந்த உடனே முழங்காலில் நின்றதாகச் சொல்வார்கள். நான் நிற்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மதினி ஸ்டெல்லா என் அண்ணனின் மனைவி. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. என் பிள்ளைகள் பாதி நாள் அவர் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள். என் தாய் போன பிறகு எனக்கு வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

எங்கள் சபையில் ஒரு சின்னப் புத்தக அலமாரி உண்டு. விசுவாசிகளின் உண்மையான வாழ்க்கைக் கதைகள் அதில் நிறைய இருக்கும். கிடைப்பதை எல்லாம் வாங்கி வந்து படிப்பேன். மதினிக்கு அது பிடிக்காது.

“வேதம் ஒண்ணு பத்தாதா ஒனக்கு? படிச்சுப் படிச்சு தொரசாணி ஆகப் போறியாக்கும்” என்று கேலி செய்வார்.

அப்படி வாங்கி வந்த ஒன்று, மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு நர்ஸ் அம்மாவின் கதை. அட்டை போய்விட்டது. பெயர்கூடத் தெரியாது. அதில் ஒரு பக்கம் என்னை அழ வைத்தது. ஒரு கிராமத்தில் தேனீ கொட்டி மயங்கிய பெண்ணை, சுற்றி நின்றவர்கள் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். நர்ஸ் அம்மாவும் தடுக்கவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அவருக்காக ஜெபித்தும் பிழைக்கவில்லை. மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டதாக எழுதியிருந்தார். தன் தவறை ஒளிக்கவில்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

போன வருஷம், மழை விட்டு வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு மலை என்றால் தேயிலை நிற்கிற இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. மேலே மரத்தில் இருந்த குளவிக் கூட்டைப் பருந்து ஏதோ கலைத்துவிட்டது. “குளவி, குளவி” என்று சத்தம் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். மதினியால் ஓட முடியவில்லை. குளவிகள் போன பிறகு போய்ப் பார்த்தால் முகமெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, கண் செருகிக் கிடந்தார்.

கங்காணி மணியம் அண்ணன் மேட்டில் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, தோட்டத்து லொறிக்காரருக்குப் போன் பண்ணினார்.

“ஏழாம் நம்பருக்கு ஒடனே வாங்க. கொளவி கொட்டிருச்சு” என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

இங்கே பெண்கள் கூடிவிட்டார்கள். “தூக்கி ஒக்கார வைங்க, தண்ணி குடுங்க” என்று இரண்டு பேர் மதினியின் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அப்போதுதான் புத்தகத்தின் அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது.

“தூக்காதீங்க, படுக்க வைங்க” என்று கத்தினேன்.

“மூச்சு முட்டுதுடி அவளுக்கு. நீ என்ன டாக்டரா?”

“யாரு என்ன சொன்னாலும் சரி, நான் தூக்க விட மாட்டேன்.”

அவர்கள் கையைத் தட்டிவிட்டேன். உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துச் சுருட்டி, கவிழ்த்த கூடைமேல் போட்டு, மதினியின் காலை அதன்மேல் வைத்தேன். வாந்தி தொண்டையில் அடைக்காமல் தலையை ஒருபக்கமாகத் திருப்பினேன். யாரோ என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்குள் ஒரே பயம். புத்தகத்தில் அந்தப் பெண் பிழைக்கவில்லையே. மதினி போய்விட்டால், தூக்க விடாத நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போதுதான் ஜெபம் வந்தது. “ஆண்டவரே, லொறி நேரே வரட்டும்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

லொறி நேரே வரவில்லை. கீழே ரோட்டில் அது ஓடுவதை நாங்கள் பார்த்தோம். எங்கள் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் மறுபக்கம் போய்விட்டது. ஏழாம் நம்பர் என்றதும் டிரைவர் ஏழாம் நம்பர் லயத்துக்குப் போயிருக்கிறார். மலைக்கும் நம்பர், லயத்துக்கும் நம்பர். எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தத் தவறு வரும். மணியம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. கேட்டது ஒரே ஒரு காரியம், அதையும் தரவில்லையே என்று மனம் கசந்து அழுதேன். மதினியின் நாடி என் விரலுக்கு எட்டவே இல்லை.

பிறகு லொறி வந்தது. முன் சீட்டிலிருந்து எங்கள் தோட்டத்து டாக்டர் ஐயா பையோடு குதித்தார். நடக்க முடியாத ஒரு பெரியவரைப் பார்க்க ஏழாம் லயத்துக்கு வந்திருந்தாராம். குளவி கொட்டியவர் எங்கே என்று டிரைவர் கேட்டதும், மலையாகத்தான் இருக்கும் என்று புரிந்துகொண்டு ஏறிவிட்டாராம். ஓடி வந்தவர் முதலில் கேட்டது இதைத்தான்.

“இவங்கள யாரும் எழுப்பி ஒக்கார வைக்கலையே?”

“இல்லைங்க ஐயா.”

“நல்லது. காலை எறக்காதீங்க.” தொடையில் ஊசி போட்டார். லொறியிலும் படுக்க வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே மதினி கண் திறந்து என் பெயரைச் சொன்னார். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. நான் கேட்டபடி லொறி நேரே வந்திருந்தால் அந்த ஊசி வந்திருக்காது. என் ஜெபத்தைவிட ஆண்டவரின் வழி நல்லதாக இருந்தது.

என்ன புத்தகம் படிக்கலாம் என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். வேதத்துக்குப் பதிலாக எதையும் எடுக்காதீர்கள். அதோடுகூட, மெய்யாக நடந்த வாழ்க்கைகளைப் படியுங்கள். ஊழியம் செய்தவர்கள், ஜெயிலில் கிடந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எழுதியதை எடுங்கள். நடுவில் புரட்டி, கேட்டது கிடைக்காமல் அழுத ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே வெற்றியாக இருந்தால் எனக்கு அந்தப் புத்தகத்தில் அவ்வளவு நம்பிக்கை வராது. அந்த நர்ஸ் அம்மா தன் பெயருக்குப் பயந்து அந்தப் பக்கத்தை விட்டிருந்தால், நானும் சேர்ந்துதான் மதினியைத் தூக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி அந்தப் புத்தகத்தைச் சபை அலமாரியிலிருந்து கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு நாள் சாயங்காலம் அழுத கண்ணோடு என் வாசலில் வந்து நின்றார்.

“செத்துப்போன அந்தப் பொம்பளைக்குப் பேரு போடலையே?”

“போடலை மதினி.”

“அவ புள்ளைங்க எங்க இருக்காங்களோ. நான் அவங்களுக்காக ஜெபிக்கணும். நீயும் வா.”

பெயர் தெரியாத அந்தத் தாயின் பிள்ளைகளுக்காக நாங்கள் இருவரும் தினமும் முழங்காலில் நிற்கிறோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.