என் அண்ணன் ஓடிப்போகவில்லை

கோபம் தணிந்த பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. நாகப்பட்டினத்து ஏஜென்ட் ஒருவர் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

"உங்க பையன் கம்பெனிய விட்டு ஓடிட்டாம்மா. எங்க போனான்னு அங்க யாருக்கும் தெரியல. போன் பண்ணான்னா ஒழுங்கா திரும்பிப் போகச் சொல்லுங்க. இல்லேன்னா கேஸாயிடும்."

அவ்வளவுதான். கிளம்பிப் போய்விட்டார். நடவுக்குப் புறப்பட்டு நின்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வயலுக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அடுத்தவர் வயலில் வேலை செய்துதான் அப்பாவும் அம்மாவும் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்கள். அண்ணன் சாமுவேல் ஐடிஐ முடித்து வெல்டர் ஆனான். அந்த ஏஜென்ட்தான் அவனை ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்ற நாட்டுக்கு அனுப்பிவைத்தார். துறைமுகத்தில் வேலை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்வான். செய்யாத நாளே கிடையாது. ஏஜென்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அது நின்றுபோயிருந்தது.

ஓடிப்போகிறவன் அம்மாவிடம் சொல்லாமல் ஓடுவானா? பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்டேன். சபையில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிநாடு போற பசங்க அப்படித்தான் ரூபி. அங்கேயே ஒருத்தியப் பாத்துக்கிட்டிருப்பான். வருத்தப்படாத, ஜெபிப்போம்" என்றார். அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஊரிலிருந்து ரயிலில் போய்வருவேன். கூடுதல் பாடமாக ஒரு வெளிநாட்டு மொழி எடுக்கலாம் என்று சொன்னபோது, அண்ணன் இருக்கும் நாட்டில் போர்த்துகீஸ்தான் பேசுகிறார்கள் என்பதால் அதை எடுத்தேன். கூடப் படிக்கிறவர்கள் சிரித்தார்கள். "அதப் படிச்சி நீ யார்கிட்டடி பேசப் போற?" என்றாள் என் தோழி ஒருத்தி. சிரித்ததுகூடப் பரவாயில்லை. வகுப்பு என்ற பெயரில் அவர்கள் தந்தது பதிவுசெய்த வீடியோக்கள். கோவாவில் இருக்கும் ஒரு மிஸ் எப்போதோ பேசி வைத்தவை. நாம் சொல்வது சரியா தப்பா என்று திருத்த ஆளே இல்லை. மெயில் போட்டால் பதில் வராது. பிள்ளைகளின் ஒரு வருஷத்தை இப்படியா வீணாக்குவது?

ஆனாலும் படித்தேன். நான் ரூபி, நான் மாணவி, நான் கிராமத்தில் வசிக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள். இவ்வளவுதான் அப்போது வரும்.

அந்த இவ்வளவை வைத்துக்கொண்டு, ஏஜென்ட் வந்துபோன பிறகு, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று, அவன் வேலை செய்த துறைமுக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். போன் நம்பரை இணையத்தில் எடுத்தேன். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பேசிப் பார்த்தேன். இரைச்சலான லைனில் அவர்கள் வேகமாகப் பேசியதில் பாதியைச் செயலி கேட்கவே இல்லை. அது திருப்பிச் சொன்னதை மிஷின் குரல் என்று நினைத்து அவர்கள் வைத்துவிட்டார்கள். அப்புறம் நானே பேசினேன். என் அண்ணனைத் தேடுகிறேன், இந்தியர், என்றேன். ஒரு ஆண் குரல் காத்திருக்கச் சொன்னது. திரும்பி வந்து ஏதோ சொன்னது. அதில் 'இல்லை', 'சென்யோரா', 'இந்திய' என்பவை மட்டும் காதில் விழுந்தன. சென்யோரா என்றால் அம்மணி. 'இல்லை அம்மணி, இந்தியர் யாரும் இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மனு கொடுக்க வேண்டிய இடங்களிலும் கொடுத்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள்.

அம்மா முழங்காலில் நின்றே தேய்ந்துபோனார். அப்பாவோ, "மானத்த வாங்கிட்டானே" என்று முனகத் தொடங்கினார். ஏஜென்ட் சொன்ன பொய், எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை ரயிலில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். திருவாரூர் தாண்டியது. மழைத் தண்ணீர் நின்ற வயல்களில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குள் ஏதோ உடைந்தது. நான் ஜெபித்தேன். பயபக்தியான ஜெபம் அல்ல. சண்டை.

"ஆண்டவரே, அண்ணன் எங்க இருக்குன்னு உமக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே சும்மா இருக்கீரே, இது நியாயமா? எங்கம்மா உம்மகிட்ட என்ன கேட்டுட்டாங்க? எனக்குக் காட்டும். இன்னிக்கே காட்டும்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குப் போர்த்துகீஸில் ஒரு சின்னத் தேர்வு இருந்தது. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வீடியோவை ஓட்டினேன். குடும்ப உறவுகள் பற்றிய பாடம்.

மிஸ் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இர்மாங் என்றால் சகோதரி. இர்மாவ்ங் என்றால் சகோதரன். இரண்டும் மூக்கு வழியாக வரும். கடைசியில் உதட்டைக் குவிக்காவிட்டால் சகோதரன் சகோதரியாகிவிடுவான் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

வீடியோவை நிறுத்தினேன். போனில் நான் உதட்டைக் குவிக்கவில்லை. 'இர்மா' என்று வெறுமனே சொல்லியிருக்கிறேன். நான் அக்காவைத் தேடுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் பெண்கள் வார்டில் போய்ப் பார்த்திருக்கிறார். 'சென்யோரா' என்று அவர் கூப்பிட்டது என்னை அல்ல. 'இந்தியப் பெண்மணி யாரும் இங்கே இல்லை' என்றிருக்கிறார்.

தஞ்சாவூர் வந்து சேரும்வரை ரயிலில் உட்கார்ந்து 'இர்மாவ்ங், இர்மாவ்ங்' என்று உதட்டைக் குவித்துக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். அந்த ஊரில் பொழுது விடிந்து ஆட்கள் வேலைக்கு வரட்டும் என்று மதியம்வரை காத்திருந்தேன். பிறகு கேன்டீன் பின்புறம் மரத்தடியில் நின்று போன் செய்தேன்.

இந்த முறை ஒரு பெண் எடுத்தார், நர்ஸ். என் இர்மாவ்ங்கைத் தேடுகிறேன் என்றேன். ஆண், இந்தியர், என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் படபடவென்று பேசினார். "தெவகார், பொர் ஃபவோர்" என்றேன். மெதுவாக, தயவுசெய்து. அவர் உடனே மெதுவாகிவிட்டார். ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பேசினார். காய்ச்சல் என்றார். பெயர் தெரியாது, தாள் எதுவும் இல்லை என்றார். பிறகு, "கையில் குரூஷ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அந்தச் சொல் எங்கள் பாடத்தில் வரவே இல்லை. ஆனால் நம்மில் யாருக்குத்தான் அது புரியாது? குருசு. அண்ணன் வலது முன்னங்கையில் பச்சை குத்தியிருக்கும் குருசு.

ஆமாம், ஆமாம் என்று கத்தினேன். அவர் சொன்னார்: "ஷ்தா வீவு."

நான் கிராமத்தில் வசிக்கிறேன் என்பதற்குப் படித்த சொல் அது. 'வீவு'. வசிப்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் அங்கே ஒரே சொல். உயிரோடு இருக்கிறான்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா போனை வைக்கவில்லை. வார்டுக்குக் கொண்டுபோய் அவன் காதில் வைத்தார்.

"அண்ணா, நான் ரூபி பேசுறேன்."

இழுத்து இழுத்து மூச்சு விட்டான். பிறகு, "ரூபி... அம்மாட்ட சொல்லு, போன் தொலைஞ்சிபோச்சுன்னு" என்றான்.

நடந்தது இதுதான். அண்ணனுக்கு மலேரியா முற்றி நினைவு தப்பியிருக்கிறது. வேலைக்கு வைத்தவர்கள் அவனை வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெயரும் சொல்லவில்லை. வைத்தியச் செலவு தங்கள் தலையில் விழுந்துவிடும் என்று பயந்து, ஆள் ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். இவன் காய்ச்சல் மயக்கத்தில் அவ்வப்போது கண் விழித்துத் தமிழில் முனகியது அங்கே யாருக்கும் புரியவில்லை. ஒரு மனிதனை மூட்டைபோல் இறக்கி வைத்துவிட்டு, அவன் மேலேயே பழியும் போட்டார்களே! 

அடுத்த நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனேன். "கம்பெனி சொன்னதத்தான் நான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல சார்?" என்றேன்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். "நீங்க சொன்னத நம்பி, சாகக் கெடந்த எம் புள்ளைய நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க. அத எப்படிங்க திரும்ப எடுக்கிறது?"

ஏஜென்ட் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவர்மேல் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். விட மாட்டோம்.

அந்த நாட்டில் வேறொரு ஊரில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் விஷயம் தெரிந்து ஓடிவந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான். மெலிந்து, பாதி ஆளாக. அந்த ஞாயிறு அப்பா ஆராதனைக்கு வந்து, முன்வரிசையில் அவன் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு என்னைச் சாட்சி சொல்ல அழைத்தவர், "நம்ம மகளுக்கு ஆண்டவர் அந்நிய பாஷை வரம் கொடுத்தார், படிக்காமலே பேசினாள்" என்று அறிமுகம் செய்தார். நான் மைக்கை வாங்கியதும் முதலில் அதை மறுத்தேன். படித்துத்தான் பேசினேன். தப்பாகப் பேசினேன், திருத்திக்கொண்டு பேசினேன். நான் கெஞ்சிக் கேட்ட அன்றைக்கே என் தப்பு எங்கே என்று ஆண்டவர் காட்டினார். அதைவிடப் பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம்.

கூட்டம் முடிந்து ஒருவர் வந்து கேட்டார்: "அந்த நர்ஸ் ரட்சிக்கப்பட்டவங்களா?" அந்த நர்ஸின் பெயர் ஃபாத்திமா. கிறிஸ்தவரா, இஸ்லாமியரா, நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் அரைகுறைப் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்டார். என் ஜெபத்துக்கு வந்த பதிலின் குரல் அது. கேட்டவரிடம் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இப்போது அடுத்த நிலைப் பாடம் படிக்கிறேன். நேரடி வகுப்பு வேண்டும் என்று மாணவர்கள் சேர்ந்து கேட்டிருக்கிறோம். மூக்கு வழியாகப் பேசுவது இன்னும் முழுதாக வரவில்லை. ஜெபிக்கும்போது மட்டும் முன்புபோல் அழகான வார்த்தை தேடுவதில்லை. மனதில் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். அவர் கேட்கிறார் என்பதை நான் கண்டுவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமிருந்து செய்தி வரவில்லை என்று யாராவது தவித்துக்கொண்டிருந்தால், யாரோ சொன்னதை நம்பி அவனைச் சபித்துவிடாதீர்கள். ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எந்த நாடாக இருந்தாலும் வாருங்கள். அழுகையோ கோபமோ, உங்களிடம் இருப்பதைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து முழங்கால் போடுவோம். பிறகு எழுந்து, சேர்ந்தே போன் போடுவோம்.