கப்பல் ஏறியவரின் இலை

அறுபத்தைந்து வாக்கில் நடந்தது இது. செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர்தான் எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வரும் மணிலாக் கடலை விதை மூட்டையை இறக்கப் போயிருந்தேன். மூட்டையோடு பேன்ட் சட்டை போட்ட ஒருவரும், பத்து வயதுப் பெண்ணும், அவள் தம்பியும் இறங்கினார்கள்.

பினாங்கிலிருந்து வருவதாகச் சொன்னார். அவருடைய தாத்தா இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியவராம். "பசங்க, நாம எங்கேர்ந்து வந்தோம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதான் நேர்லயே காட்டலாம்னு கூட்டியாந்தேன்" என்றவர் தாத்தாவின் பெயரையும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த பெயர்தான். கப்பல் ஏறிய அந்தத் தாத்தா என் தாத்தாவின் தம்பி! ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போது ஓர் இலை தனியாக விழும். கப்பல் ஏறியவர் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாததால், எங்கள் நைனா, அதாவது என் அப்பா, அவர் பெயரைச் சொல்லி அந்த இலையைப் போடுவார்.

அந்தப் பெண் ஒரு நோட்டை விரித்தாள். கீழே தன் பெயரும் தம்பி பெயரும், மேலே அப்பா, அதற்கும் மேலே தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். உச்சிக் கட்டம் மட்டும் காலி. "கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று பென்சிலும் கையுமாக நின்றாள்.

தெரியாமலா? ஆனால் சொல்லப் பயந்தேன். போன வருஷம்தான் பக்கத்துத் தெருவில் ரங்கூனிலிருந்து வந்த ஒருவர், ஒரு மாசம் உறவாடிச் சாப்பிட்டுவிட்டு, நிலத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருந்ததே ஒரு துண்டு நிலம். கண் முன்னே வரப்பு போட்டுப் பிரிப்பது போலத் தெரிந்தது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்றேன்.

"மலையில கல்லுப் படுக்கை இருக்கும்னு தாத்தா சொல்வாராம்" என்றார் அவர், விடாமல். சமண முனிவர்களுக்காக வெட்டிய அந்தப் படுக்கைகள் எங்கள் ஊர் மலையில்தான் இருக்கின்றன.

"தளவானூர்லயும் மலையைக் குடைஞ்ச கோயிலு இருக்குது. அங்க கேட்டுப் பாருங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! செஞ்சிக்குத் திரும்பிய அதே பஸ்ஸில் ஏற்றியும் விட்டேன். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "வரேன் மாமா" என்று அந்தப் பெண் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். முறைப்படி நான் அவளுக்குச் சித்தப்பா.

நிலத்தைக் காப்பாற்றிய பெருமையோடு நைனாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கையை உதறிவிட்டு எழுந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "எங்க சித்தப்பா தன் பங்கை எங்க நைனாவுக்கே எழுதிக் குடுத்துட்டுத்தான்டா கப்பல் ஏறினாரு. இன்னாத்துக்குடா பயந்த?"

குனிந்து பத்திரத்தை எடுத்தேன்.

"புள்ளைங்க சாப்டுச்சிங்களாடா?" என்று கேட்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தளவானூருக்கு மிதித்தேன். வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்களாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் தேடினேன். அப்படி மூன்று பேர் மெட்ராஸ் பஸ் ஏறியதாக ஒரு சோடாக் கடைக்காரர் சொன்னார். அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டே போனதாம். விலாசம் கேட்டு வைத்திருந்தாலாவது ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை, பாவி நான்.

நைனா அதற்காக என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த வருஷ ஆடி அமாவாசை வந்தபோது, "நீயே போடுடா" என்று அந்த இலையை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் நான்தான் போடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்கோ கொள்ளுப் பேரனுக்கோ பெரியவர் பெயரை வைப்பது வழக்கம். அந்தக் குழந்தை பென்சிலோடு கேட்டு நின்றது என் பூட்டனின், அதாவது என் தாத்தாவுடைய அப்பாவின் பெயரை. எனக்கு வைத்திருப்பதும் அதே பெயர்தான். என் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் நிரம்பியிருக்கும் அந்தக் கட்டம், இந்த வயதிலும் நான் இலை போடும்போதெல்லாம் காலியாகவே என் கண் முன் வந்து நிற்கிறது.