அக்காவின் கத்தரிக்கோல் பாஷை

என் அக்காவோடு ஒரே தையல்கடையில் குப்பை கொட்டுவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. அவள் துணி வெட்டுவாள், நான் தைப்பேன். அவளுக்குத் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்றார் டாக்டர். காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலம் இமைகள் பாதிக் கண்ணை மூடிவிடும். "என்ன, தூக்கமா?" என்று யாராவது கேட்டால், "உங்க இடுப்பளவப் பார்த்ததுலேருந்து கண்ணக் கட்டுது" என்பாள். வாய்க்கு மட்டும் களைப்பே வராது என்று நினைத்திருந்தேன்.

கோபம் வந்தால்தான் அந்த வாய் மூடும். அப்போது கத்தரிக்கோலால் மேசையைத் தட்டுவாள். சாக்பீஸ் வேண்டுமா, தட்டு. விளக்கைப் போட வேண்டுமா, தட்டு. எது என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று சண்டை மாத்திரைக்காக. சளி பிடித்தால் உடனே வா, கண்டதையும் விழுங்காதே, சில மாத்திரைகள் இந்த நோயை முற்றவைத்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளோ காய்ச்சலோடு மருந்துக்கடையில் எதையோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"எத்தன தடவ சொன்னாலும் உனக்கு மண்டையில ஏறாதா?" என்றேன்.

"உன் வேலையப் பாருடி."

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மதியத்துக்கு மேல் தட்டத் தொடங்கினாள். நான் மிஷினை நிறுத்தவில்லை. மறுபடி தட்டினாள்.

"வாயத் திறந்து கேளு. இல்லன்னா தட்டிக்கிட்டே இரு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தட்டும் சத்தம் குறைந்தது. கோபம் இறங்குகிறது போலும் என்று நினைத்தேன். கத்தரிக்கோல் தரையில் விழுந்த பிறகுதான் திரும்பினேன். தலை நிற்காமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தது. மூச்சு மேலோட்டமாக வந்துபோனது.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். கருவிதான் அவளுக்காக மூச்சு விட்டது. பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் பிடிகொடுத்துப் பேசவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

பிழைத்தாள். கடைக்குத் திரும்பிய வாரமே, அவள் இல்லாதபோது நான் வெட்டிவைத்த சட்டைக்கை கோணல் என்று சண்டை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேசையில் கத்தரிக்கோல் தட்டியது.

போட்டது போட்டபடி ஓடினேன்.

"கோபமா, மூச்சா? அத மட்டும் சொல்லித் தொலைக்கா!"

என்னைக் கொஞ்சம் தவிக்கவிட்டு, நிதானமாக மூச்சை இழுத்து, "கோபந்தான், போடி!" என்றாள். தெருவுக்கே கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன்.