நிமிர்ந்து உட்கார்ந்த டிரைவர்

பஸ் டிரைவருக்கு உட்காருவதுதான் பிழைப்பு. உட்காரும் இடத்திலேயே கட்டி வந்தால் மனுஷன் என்ன செய்வார்? ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீங்கும், உடையும், சீழ் வடியும், ஆறும்; பிறகு மறுபடி முதலிலிருந்து. "சூட்டுக் கட்டி" என்று மனைவியிடம் சமாளித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தே வண்டி ஓட்டினார். டெப்போவில் 'சாய்வு நாற்காலி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

துணி துவைக்கும்போது குட்டு வெளிப்பட்டது. மனைவி கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இது பௌத்திரம்," என்றார் டாக்டரம்மா. "உள்ளேர்ந்து வெளியே ஒரு பாதை விழுந்திருக்கு. தானா மூடாது. ஆபரேஷன்தான்."

செய்தார்கள், ஆறியது. டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். மறு வருஷமே அதே இடத்தில் விண்விண் என்று வலி. ஆடிப்போய்விட்டார்.

"திரும்ப வெட்டினா அடக்குற சக்தி போயிடுமா டாக்டர்? பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு ஓட முடியாதே!"

"அடக்குற தசையைக் காப்பாத்தத்தான் இந்தத் தடவை அந்தப் பாதைக்குள்ள ஒரு நூல் கோத்து விடப்போறேன். சீழ் நல்லா வடியட்டும். மிச்சத்தை அப்புறம் பாத்துப் பாத்துச் செய்யலாம். பொறுமை வேணும்."

நூலோடு மாதக்கணக்கில் ஓடியது. டெப்போவில் நின்றபடி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் வெந்நீர்த் தொட்டியில் உட்காரப் போகும்போதெல்லாம் மனைவி, "மகாராஜா நீராடப் போறார், வழி விடுங்க!" என்று பிள்ளைகளை விரட்டுவாள். ஒருவழியாகப் புண் மூடியது. மூடியது மூடியதுதான்.

வருஷங்கள் கழித்து, பழைய நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நர்ஸுக்கு வெண்கலக் குரல். வராந்தாவுக்கே கேட்டது.

"மறுபடி சீழ் வந்துச்சா?"

"இல்ல."

"மலம் கசியுதா?"

"இல்லம்மா."

"காத்து?"

டிரைவர் நெளிந்தார். மனைவி முந்திக்கொண்டாள். "எப்பவாவது அவருக்குத் தெரியாம போயிடும் சிஸ்டர். ஆபரேஷனுக்கு முன்னாடி தெரிஞ்சே போகும்!"

வராந்தாவே சிரித்தது. பெஞ்சு ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லக் கேட்டார்: "சார், நிஜமாவே நல்லா உட்கார முடியுதா?"

டிரைவர் அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து காட்டினார். பெஞ்சு கிறீச்சிட்டது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆறாதுங்க. எனக்கே ரெண்டு வாட்டி ஆச்சு. அது கிடக்கட்டும், வீட்ல சொல்லிட்டீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"முதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க தம்பி," என்றாள் டிரைவரின் மனைவி.

போட்டார். போனுக்குள்ளிருந்து திட்டு மழையாகப் பொழிந்தது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.