அக்காவின் தோங்குக்கு இன்றும் பசிக்கிறது

உறவினர்களே, நண்பர்களே, அண்டை வீட்டாரே,

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் சிலர் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆம், அந்த நீலப் பிளாஸ்டிக் தோங், அந்தப் பெரிய பீப்பாய், இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அதை எடுப்பதாக இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

அக்கா கோலா கங்சாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டு, அம்மாவுடன் ரப்பர் பால் வெட்டப் போனார். தோட்டம் கைமாறி மரங்கள் சாய்க்கப்பட்டபோது நான் கைக்குழந்தை. ஈப்போ நகரின் புந்தோங்கிற்குக் குடிவந்தோம். பெற்றோர் அடுத்தடுத்துக் காலமானபின், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்து என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர் அக்கா. எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்தேன். படிக்கிறோம் என்ற திமிரும் நிறையவே இருந்தது.

சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் வாளி வாளியாகக் கொட்டப்பட்ட சோறும் காய்கறித் தோலும் அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தன. கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தார். ஒரு தோங்கில் சாணிக் கரைசல், அதற்குள் கவிழ்த்த இன்னொரு தோங், ஒரு குழாய், ஓர் ஒற்றை அடுப்பு. மிச்சம் மீதி உள்ளே அழுகினால் எரிவாயு வரும். அவ்வளவுதான் திட்டம்.

"அக்கா, இதெல்லாம் லேப்ல செய்யறது. வீட்டுல சரிப்படாது" என்றேன்.

"லேப்பா கொல்லையான்னு சாணிக்குத் தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டு, வாளியோடு மாட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நான்காம் வாரம் நீலச் சுடர் வந்தது. அன்று அதில் போட்ட தேநீரை இரு பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் தான் குடித்தார்.

பிறகு வந்தது கோயில் திருவிழா. அன்னதானத்தில் மீந்த இரண்டு வாளி சோற்றைக் கண்டு மனம் பொறுக்காமல், இரண்டு வாளியையும் ஒரே நாளில் தோங்கில் கொட்டிவிட்டார். இரண்டே நாளில் சுடர் அணைந்தது. நாற்றம் தெருமுனை வரை போனது. எங்கள் தாய்மாமா மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் நின்று கத்தினார்.

"தூக்கிப் போடு லா! பொம்பளைக்கு எதுக்கு இந்த விஞ்ஞானி வேலை? வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"வெடிக்கிற அளவுக்கு கேஸ் வந்தா நான் ஏன் மாமா கவலப்படுறேன்? அதான வரமாட்டேங்குது!"

நானும் அன்று மாமா பக்கம்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றேன். அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"புளிச்சிப் போச்சுடா. வாளியில ரப்பர் பால் கெட்டாலும் இதே வாசம்தான். அங்க பால் கட்டியாவாம இருக்க அமோனியா ஊத்துவோம். இங்க சுண்ணாம்பு போட்டுப் பாப்போம். நாலு நாளு பட்டினி போடு, சரியாயிரும்."

சோதனைத் தாளைத் தோய்த்துப் பார்த்தேன். சிவந்தது; அமிலம் ஏறியிருந்தது. நான் வகுப்பில் உட்கார்ந்து படித்ததை அக்காவின் மூக்கு எப்போதோ படித்து முடித்திருந்தது. "ஈப்போவுல இருந்துக்கிட்டு சுண்ணாம்புக்கு அலையணுமா? சுத்தி மலையே அதான்" என்று சிரித்தபடி பொடியைக் கரைத்து ஊற்றினார். இரண்டு வாரத்தில் சுடர் திரும்பியது.

கடைசி ஆண்டில் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. வாளியைத் தூக்க முடியாதபோது நாற்காலியில் உட்கார்ந்து என்னை விரட்டினார். மருத்துவமனையில் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: "தோங்குக்கு சோறு போட்டியா? எலுமிச்சங்காய போட்டுறாத."

அக்காவைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, மாமா எல்லார் முன்னிலும் சொன்னார்: "அந்த நாத்தக் காத்த குடிச்சுக் குடிச்சுத்தான் போயிட்டா. பதினாறுக்குள்ள அத எடுத்துரு." உங்களில் பலர் தலையாட்டினீர்கள். அதற்கு இன்று பதில் சொல்கிறேன்.

அக்காவின் உயிரைக் கொண்டுபோனது இளவயதிலிருந்தே உடனிருந்து சிறுநீரகத்தைக் கெடுத்த சர்க்கரை நோய். மருத்துவ அறிக்கையை நான் வரி வரியாகப் படித்தேன். படிக்க வைத்தது அவர்தான். தோங்கைத் திறந்த வெளியில் வைத்து, குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் வாரந்தோறும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தவர் அவர். அவர் புத்தியில் விளைந்த ஒன்றையே அவருக்கு எமன் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். யார் சொன்னாலும் ஏற்கமாட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சிகிச்சைக்குத் தவறாமல் காரில் அழைத்துச் சென்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும், இன்றுவரை சோயாச் சக்கையைத் தோங்குக்குப் போட எடுத்துவைக்கும், சோயாக் கட்டியான தவ்பூ விற்கும் சீன ஆன்ட்டிக்கும், அக்காவைத் தோளில் சுமந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இன்றைய சோறும் குழம்பும் கடையில் வாங்கிய கேஸில் வெந்தவை. இத்தனை பேருக்குச் சமைக்க அக்காவின் தோங் போதாது. பாயாசம் மட்டும் அந்த நீலச் சுடரில் வைத்தது. ஆளுக்கு அரைக் குவளைதான் வரும். இலையில் மிஞ்சுவதைப் பச்சை வாளியில் போடுங்கள்; ஊறுகாய் மட்டும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டுவேன்.

மாமா, உங்கள் குவளையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். தோங் இங்கேதான் இருக்கும்.

அக்காவின் தம்பி