ஜங்லிகாட்டில் வாக்கி-டாக்கி சோதனை

கடலாமைக் கணக்கெடுப்புக்கு நல்ல வாக்கி-டாக்கியாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லி, இன்று என்னை இந்தத் தீவின் கடைத்தெருவான ஜங்லிகாட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைக்கார அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். "பெட்டியில போட்டிருக்க கிலோமீட்டர நம்பாத புள்ள. ஒண்ணக் கையில எடுத்துட்டு நட. எங்க கட் ஆகுதுன்னு பாப்போம்."

நடந்தேன்.

"எங்க நிக்க?"

"மீன் மார்க்கெட் கிட்டக்கா."

"ரெண்டு வார்த்தையோட நிப்பாட்டுத? பேசிக்கிட்டே இருந்தாத்தான தெரியும்! காலையில என்ன சாப்பிட்ட?"

வேலைக்காக இங்கு வந்து நான்கு மாதம். இந்த ஊரில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"பிரெட்."

"பிரெட்டா! காய்ச்சக்காரி மாதிரி?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அறையைப் பற்றி, அம்மாவைப் பற்றி, எனக்கு வராத ஹிந்தியைப் பற்றியெல்லாம் சொன்னேன். எங்களுக்குத் தேவையான தூரம் எப்போதோ முடிந்திருந்தது. ஃபீனிக்ஸ் பே வரை நடந்துவிட்டேன். அங்கேதான் குரல் கரகரத்தது.

"பஸ், பஸ், போதும்! ஜல்தி வாபஸ் வா. கடையில ஆள் நிக்கி."

திரும்பியதும், "இதையே போட்டுரவா?" என்றார்.

"நாளைக்கு அந்தக் கறுப்பு மாடலையும் பாத்துடறேன்க்கா" என்றேன்.

கடையில் மொத்தம் ஆறு மாடல்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதிக்காமல் வாங்குவது பொறுப்பான செயலா? நீங்களே சொல்லுங்கள்.